வண்டியை ஒட்டுக்கேட்க ஒரு மலிவு அடாப்டர்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் லாரி வயரிங் வேலை செய்யும் ஒரு அண்ணனின் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு யுஎஸ்பி அடாப்டர், மடியில் பழைய லேப்டாப். காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது, அதில் இதை மாட்டினால் எஞ்சின் பேசுவதெல்லாம் திரையில் ஓடும் என்று அவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு மல்டிமீட்டரை எடுத்து வந்தார். "பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க தம்பி." கழட்டினேன். சாக்கெட்டின் 6-ஆம் பின்னிலும் 14-ஆம் பின்னிலும் மீட்டர் முனைகளை வைத்தார். 60 ஓம். "இப்ப உங்க டப்பாவை மாட்டுங்க." மாட்டினேன், அடாப்டரின் ஸ்க்ரூ டெர்மினலிலேயே வைத்துப் பார்த்தார். 40.

"60 இருந்தா லைன் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். 120 வந்தா ஒரு முனை போச்சு. 40 வர்றதை நான் பார்த்ததே இல்லைங்க, என்ன அது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இந்த டப்பா எதைச் செய்யும், எதைக் கெடுக்கும் என்பது பிடிபட்டது. அப்போது தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், வண்டி பேசுவதைக் கேட்பதற்கு இது தாராளமாகப் போதும். நாம் அதில் பேசப் போனால்தான் வம்பு.

முதலில் அந்த 6, 14 பின்களுக்கு வரும் இரண்டு கம்பி. கேன் என்று பெயர், தண்ணீர் கேன் இல்லை, கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க் என்பதன் சுருக்கம். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் இந்த வேலையைத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டது. அடுத்த வருஷமே இன்டெல், பிலிப்ஸ் இரண்டும் அதற்கான சிப்பைக் கொண்டுவந்தன. தேவை என்னவென்றால், அதற்கு முன்பு ஒவ்வொரு சென்சாருக்கும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வயர் போய்க்கொண்டிருந்தது. வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டிகள் கூடக்கூட, வயர் கட்டு தொடை கனத்துக்கு வந்துவிட்டது. எல்லாப் பெட்டிகளையும் முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பியில் தொங்கவிட்டு, யாருக்கு எது வேண்டுமோ அதை அந்தக் கம்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு கம்பிக்கு கேன்-ஹை, மற்றதுக்கு கேன்-லோ என்று பெயர். யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். யாராவது பேசினால் ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். கேட்கும் பெட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது, அதனால் ஸ்பார்க் பிளக், ஆல்டர்னேட்டர், ஹாரன் எல்லாம் கிளப்பும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறி, கழித்துப் பார்க்கும்போது காணாமல் போய்விடுகிறது. கம்பியின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு 120 ஓம் மின்தடை இருக்கும். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். இரண்டு 120-ஐப் பக்கவாட்டில் இணைத்தால் 60. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் 40. அண்ணன் மீட்டரில் பார்த்தது அதைத்தான். என் அடாப்டருக்குள் ஒரு 120 ஓம் இருந்தது, அதைக் கம்பியோடு இணைக்கும் ஜம்பர் என்ற சின்னச் செருகியைப் போட்டே விற்றிருந்தார்கள். மேஜையில் இரண்டு போர்டுகளை வைத்து விளையாடுகிறவருக்கு அது வேண்டும். ஏற்கெனவே இரண்டு முனையும் அடைத்திருக்கும் வண்டியில் மாட்டுகிறவர் அதைக் கழட்டியாக வேண்டும். 40 ஓமிலும் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும், அதுதான் இதில் சிக்கலே. ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் சிக்னலின் உயரம் குறைந்திருக்கும், என்றைக்காவது ஒரு தளர்ந்த கனெக்டரோடு சேர்ந்துகொண்டு காரணம் தெரியாமல் தகராறு பண்ணும்.

இத்தனை பெட்டிகள் ஒரே கம்பியில் தொங்கினால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? கேன் அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு தொடங்குகிறது, 11 பிட் அல்லது 29 பிட். கம்பியில் 0 என்பது 1-ஐ அமுக்கிவிடும். இரண்டு பெட்டிகள் ஒன்றாகத் தொடங்கினால், ஒவ்வொரு பிட்டாகப் போட்டுக்கொண்டே கம்பியையும் கவனிக்கின்றன. நான் 1 போட்டேன், கம்பியில் 0 இருக்கிறது என்றால் என்னைவிட அவசரக்காரன் ஒருவன் இருக்கிறான், நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ஜெயித்தவனின் செய்தி ஒரு பிட் கூடக் கெடாமல் போகிறது, தோற்றவன் அது முடிந்ததும் மறுபடி முயல்கிறான். ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறதே, அது மாதிரி. என்ன, கம்பியில் எல்லோரும் அதை மதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எண் சிறியதானால் முன்னுரிமை பெரியது. ஒரு செய்தியில் அதிகபட்சம் 8 பைட் தரவு. 1-கள் எத்தனை, 0-கள் எத்தனை என்று சரிபார்க்கும் எளிய கணக்கையெல்லாம் தாண்டி, 15 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றும் கூடவே போகும். செய்தி சரியாக வந்தால் கேட்ட பெட்டிகள் அந்தச் செய்தியின் கடைசியிலேயே ஒரு பிட்டை இழுத்து 'வந்தது' என்று சொல்லிவிடும். இந்த வேலை எதையும் ப்ரோக்ராம் எழுதுகிறவர் செய்ய வேண்டியதில்லை, எல்லாம் சிப்புக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மலிவு அடாப்டர் மலிவாக இருக்க முடிவதற்கு முதல் காரணம் இதுதான்.

டப்பாவைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே முக்கியமாக இரண்டே சிப். ஒன்று, கம்பியின் வோல்டேஜை 0, 1 ஆக மாற்றித் தரும் டிரான்ஸீவர். இன்னொன்று கேன் வேலையையும் யுஎஸ்பி வேலையையும் சேர்த்துச் செய்யும் மைக்ரோகன்ட்ரோலர். கேனபிள் என்று ஒரு திறந்த வடிவமைப்பு உண்டு, சந்தையில் கிடைக்கும் பல டப்பாக்கள் அதன் நகல்கள்தான். அதில் எஸ்டிஎம்32 என்ற குடும்பத்தின் சிப். அதே குடும்பத்தின் எஃப்103 சிப்பை வைத்தும் அடாப்டர்கள் வருகின்றன, ஆனால் எஃப்103-இல் ஒரு வேடிக்கை உண்டு. யுஎஸ்பி, கேன் இரண்டுக்கும் ஒரே 512 பைட் நினைவகத்தைப் பங்கு போட்டிருக்கிறார்கள், ஒரே நேரத்தில் இரண்டையும் ஓட்ட முடியாது. அதனால் அப்படிப்பட்ட டப்பாக்களில் சிஎச்340 மாதிரி ஒரு சீரியல் சிப்பைத் தனியாக ஒட்டியிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அது சாதாரண சீரியல் போர்ட்டாகத் தெரியும், அதற்கென்று தனி மென்பொருள், தனி மொழி. படம் ஒரே மாதிரி, நீல நிறப் பெட்டி ஒரே மாதிரி, விலையும் கிட்டத்தட்ட ஒன்றே. உள்ளே இருப்பது வேறு. வாங்கும் முன் கேட்கவேண்டிய ஒரே கேள்வி என்று என்னைக் கேட்டால், 'கேண்டில்லைட் ஃபர்ம்வேர் ஓடுமா' என்பதுதான். டப்பாவின் சிப்புக்குள் ஓடும் ஒரு திறந்த மென்பொருள் அது.

ஏனென்றால் அது ஓடினால் லினக்ஸில் தனியாக டிரைவர் எதையும் நிறுவ வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் ஆராய்ச்சிப் பிரிவு எழுதிக் கொடுத்த சாக்கெட்கேன் என்ற பகுதி 2008-இல் வந்த 2.6.25 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அடாப்டரைச் செருகினால் வைஃபை, லேன் மாதிரி அதுவும் ஒரு நெட்வொர்க் கார்டாக வந்து நிற்கும். வேகத்தைச் சொல்லி உயிர்கொடுத்து, வருகிற செய்திகளைக் காட்டும் கேன்டம்ப் என்ற நிரலை (கேன்-யுடில்ஸ் தொகுப்பில் வரும்) தட்டினால் முடிந்தது, திரை ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸ்காரர்கள் சாவிகேன் என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்குத் தனி நூலகமே இருக்கிறது.

"நானூறு ரூபாய்க்கு ப்ளூடூத் டப்பா கிடைக்குதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஈஎல்எம்327 வகை. கனடாவில் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் உருவாக்கிய சிப் அது. முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டார்கள், உலகம் முழுக்க நகல் பரவிவிட்டது, அந்த நிறுவனம் 2022-இல் கடையைக் கட்டியது. இன்று டப்பா மேல் '1.5' என்று அச்சடித்து விற்கிறார்களே, அப்படி ஒரு பதிப்பை மூல நிறுவனம் வெளியிட்டதே இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் பிழை எண்ணைப் பார்க்க, அழிக்க அது போதும், நானும் கார் டேஷில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் கம்பியை முழுக்கக் கேட்க அதனால் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் கம்பியில், 8 பைட் உள்ள ஒரு செய்தி சுமார் 111 பிட் பிடிக்கும். நொடிக்கு அதிகபட்சம் 4500 செய்திகள். ஈஎல்எம் டப்பா வழக்கமாக நொடிக்கு 38400 பிட் வேகத்தில் எழுத்து எழுத்தாக அனுப்புகிறது, எழுத்துக்கு 10 பிட் என்றால் நொடிக்கு 3840 எழுத்து. ஒரு செய்தியை எழுத இருபத்தைந்து எழுத்துக்கு மேல் வேண்டும். ஆக, 150 செய்திகளைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டி, 'பஃபர் ஃபுல்' என்று சொல்லி நின்றுவிடும். திருச்சி மெயின் ரோட்டு ட்ராஃபிக்கைச் சந்துக்குள் திருப்பிவிட்ட மாதிரி.

சரி, பீக், க்வேசர், வெக்டர் மாதிரி நிறுவனங்களின் அடாப்டர்கள் பத்து மடங்கும் அதற்கு மேலும் விலை சொல்கின்றனவே, எதற்கு? நம்பகமான நேர முத்திரை, நல்ல மென்பொருள், கேட்டால் பதில் சொல்ல ஆள், இவையெல்லாம் இருக்கின்றன. நமக்கு முக்கியமானது வேறொன்று, மின் தனிமைப்படுத்தல். விலை உயர்ந்தவற்றில் பலதில் வண்டிப் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே மின்தொடர்பே இருக்காது. மலிவு டப்பாவில் வண்டியின் எர்த்தும் லேப்டாப்பின் எர்த்தும் நேராக ஒன்றாகிவிடும். லேப்டாப் சார்ஜர் ஷெட்டின் பிளக்கில் இருந்தால், அந்த ஷெட்டின் எர்த்திங் ஒழுங்காக இருக்கிறதா என்பது உங்கள் லேப்டாப்பின் ஆயுள் பிரச்சினை ஆகிவிடும். இதற்கு மருந்து ஒரு பைசா செலவில்லாதது. சார்ஜரைக் கழட்டிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சாக்கெட்டிலிருந்து 6, 14 இரண்டோடு எர்த்துக்கு 5 மட்டும் எடுங்கள். 16-ஆம் பின்னில் பேட்டரியின் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், காரில் 12 வோல்ட், லாரியில் 24. அடாப்டருக்கு உணவு யுஎஸ்பியிலிருந்தே வருகிறது, அந்த 16-க்கு வயரே போடாதீர்கள். வயர் இருந்தால் என்றைக்காவது எதிலாவது படும்.

இப்போது என் முட்டாள்தனம் ஒன்று. கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, மலை ஏறுமுன் எல்லாம் தயாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஓட்டுநர் இருக்கையில். முந்தின நாள் ஷெட்டில் லாரிக்காக 250 கிலோபிட் என்று வைத்திருந்ததை மாற்றாமல், அப்படியே காரில் உயிர்கொடுத்துவிட்டேன். கார் ஓடுவது 500-இல். இரண்டு நொடி கூட ஆகியிருக்காது, டேஷ்போர்டில் ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், செக் இன்ஜின் என்று தீபாவளி மாதிரி விளக்குகள். "என்னங்க பண்ணினீங்க?" பிடுங்கிவிட்டு, இக்னிஷனை ஆஃப் பண்ணி மறுபடி போட்டதும் எல்லாம் அணைந்தது. எனக்குக் கை நடுங்கியது கொஞ்ச நேரம் நிற்கவில்லை. ஓடும்போது, எட்டாவது வளைவில் நடந்திருந்தால்?

நடந்தது என்னவென்றால், கேன் கம்பியில் மாட்டிய எந்தப் பெட்டிக்கும் ஒரு கடமை உண்டு: தவறான செய்தியைக் கண்டால் உடனே கத்தி அதைக் கெடுத்துவிட வேண்டும், அனுப்பியவன் மறுபடி அனுப்பட்டும் என்று. வேகம் தப்பாக வைத்த என் டப்பாவுக்கு எல்லாச் செய்தியும் தவறாகத்தான் தெரிந்தது. அது தன் கடமையை ஒழுங்காகச் செய்து, வருகிற செய்தியையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது. அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிழைக் கணக்கு ஓடுகிறது, அனுப்பும்போது நேரும் ஒரு பிழைக்கு 8 மதிப்பெண் ஏறும். 127-ஐத் தாண்டினால் அது அடக்கி வாசிக்கும் நிலைக்குப் போகும், 255-ஐத் தாண்டினால் கம்பியை விட்டே ஒதுங்கிவிடும். எட்டால் வகுத்தால் 32 பிழை, அவ்வளவுதான் இடைவெளி. நல்ல பெட்டி ஒதுங்கியதும், அதன் குரல் கேட்காத மற்ற பெட்டிகள் விளக்கைப் போட்டன.

கேட்பதற்கு மட்டும் என்று ஒரு நிலை எல்லா உருப்படியான அடாப்டரிலும் உண்டு, லிசன்-ஒன்லி என்பார்கள். அதில் வைத்தால் டப்பா கத்தாது, 'வந்தது' என்றும் சொல்லாது, ஊமைப் பார்வையாளன். வேகம் தப்பாக இருந்தால் உங்கள் திரையில் குப்பை வரும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. புது வண்டியில் முதல் தடவை மாட்டும்போது லிசன்-ஒன்லியில் 500, இல்லையென்றால் 250 என்று மாற்றிப் பார்த்து, செய்திகள் சுத்தமாக வருகிற வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஒழுங்கான வழி. நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. இதே நிலை மேஜையில் வேறு விதமாகக் குழப்பும். ஒரே ஒரு போர்டையும் லிசன்-ஒன்லியில் இருக்கும் அடாப்டரையும் இணைத்தால், அந்தப் போர்டுக்கு யாருமே பதில் சொல்லாததால் ஒரே செய்தியை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். 'டப்பா கெட்டுப்போச்சு' என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் இதில்தான் மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மலை ஏறினோம். சரியான வேகத்தோடு, மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் லேப்டாப்போடு. வண்டியிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்க வேண்டுமானால் லிசன்-ஒன்லி போதாது, ஆனால் இந்த ஒரு பேச்சுக்குச் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம், வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஏற்பாடு அது. அந்த வரைமுறைப்படி 2015 என்ற செய்தி எண்ணில் ஒரு கேள்வி அனுப்பினால், எஞ்சின் பெட்டி 2024 என்ற செய்தி எண்ணில் பதில் சொல்லும். பதினாறு அடிமானத்தில் இவற்றை 7டிஎஃப், 7ஈ8 என்று எழுதுவார்கள். 'முதல் வகைக் கேள்வி, 12-ஆம் தகவல்' என்று கேட்டால் எஞ்சின் சுற்று வேகம். என் கார் ஐடிலில் 11, 184 என்று இரண்டு பைட் தந்தது. 11-ஐ 256-ஆல் பெருக்கி 184-ஐக் கூட்டினால் 3000, நான்கால் வகுத்தால் 750. டேஷில் முள்ளும் அங்கேதான் நின்றது. 5-ஆம் தகவல் கூலன்ட் வெப்பம், வருகிற எண்ணில் 40-ஐக் கழிக்க வேண்டும். 131 என்றால் 91 டிகிரி. உறைநிலைக்குக் கீழேயும் காட்ட வேண்டும் என்பதற்காக அந்த 40. சேலத்துக்குத் தேவைப்படாது.

எனக்கு ஆசையாக இருந்தது 51-ஆம் தகவல், வெளிக்காற்றின் அழுத்தம். எல்லா வண்டியும் இதைச் சொல்லாது, என்னுடையது சொன்னது. ஒரே பைட், கிலோபாஸ்கல் கணக்கில், கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. அடிவாரத்தில் 97. இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் பலகை. ஒவ்வொரு பலகையையும் தாண்டும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன். பல வளைவுகளுக்கு அப்படியே நிற்கும், திடீரென்று ஒன்று குறையும். மேலே ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தியபோது 86. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர், அந்த உயரத்துக்குப் பாடப்புத்தகக் கணக்கு 84 சொச்சம் சொல்கிறது. எஞ்சின் பெட்டி இதை வேடிக்கைக்காக அளக்கவில்லை. காற்று மெலிந்தால் அதே அளவு காற்றில் ஆக்சிஜன் குறைவு, பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்து ஊற்ற வேண்டும். கார்புரேட்டர் காலத்து வண்டிகள் மேலே வந்ததும் கறுப்புப் புகை கக்கி மந்தமாகுமே, அந்தக் கதை முடிந்தது இப்படி அளந்து ஊற்றுவதால்தான். அந்த ஒரு எண்ணைப் பார்த்ததற்காகவே டப்பாவுக்குக் கொடுத்த காசு வந்துவிட்டது என்பேன். மனைவிக்கு அந்தக் கருத்து இல்லை.

இந்தக் கேள்வி பதில் தவிர, கம்பியில் பெட்டிகள் தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது ஒன்று இருக்கிறது. அதற்குப் பொதுவான அகராதி கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாடலும் தன்னிஷ்டத்துக்கு வைத்திருக்கும். கேன்ஸ்னிஃபர் என்ற நிரல் இங்கே கைகொடுக்கும். மாறாத பைட்டுகளை அடக்கிவிட்டு, மாறுகிறதை மட்டும் நிறம் போட்டுக் காட்டும். வண்டி நின்ற இடத்தில் பிரேக்கை மிதி, விடு, மிதி, விடு. கூடவே துடிக்கிற பைட் எது என்று பார். ஒரு மதியம் முழுக்க இதைச் செய்து பிரேக், இடது வலது இண்டிகேட்டர், கதவு, ஸ்டியரிங் கோணம் ஆகியவற்றைக் கண்டுபிடித்தேன். குறுக்கெழுத்துப் போட்டியின் சுகம். சில மாடல்களுக்கு ஓபன்டிபிசி என்ற திறந்த தொகுப்பில் ஏற்கெனவே அகராதி எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் நம் ஊர் மாடல்களுக்குத் தேடினால் பெரும்பாலும் கை காலியாகத்தான் வரும்.

புது வண்டிகளில் இந்த விளையாட்டு நடக்காமலும் போகலாம். சாக்கெட்டுக்கும் உள்கம்பிக்கும் நடுவே கேட்வே என்று ஒரு பெட்டி காவல் நிற்கும், கேள்வி கேட்டால் மட்டும் பதிலைக் கொடுக்கும், உள்ளே நடக்கும் பேச்சை வெளியே விடாது. கேன்டம்ப் வெறும் திரையைக் காட்டினால் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டாம். கேன் செய்தியில் அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்றே கிடையாது, கம்பியைத் தொட்டவன் எல்லாம் வீட்டுக்காரன். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றை இணையம் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டி, 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்ட பிறகு, உற்பத்தியாளர்கள் இதில் கறாராகிவிட்டார்கள். நமக்கு எரிச்சல்தான், ஆனால் நியாயம் அவர்கள் பக்கம். எதையாவது அனுப்பிப் பார்க்க ஆசை வந்தால் மேஜையில் இரண்டு போர்டு வைத்து அனுப்புங்கள். ஓடும் வண்டியில் ஓபிடி கேள்வி தவிர ஒன்றும் வேண்டாம்.

லாரிக்கு வருகிறேன். சேலத்தில் இருந்துகொண்டு லாரியை விட்டுவிட்டுப் பேச முடியாது, சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கையில். லாரியில் கார் மாதிரி ஆளுக்கொரு அகராதி இல்லை, பெரும்பகுதி ஜே1939 என்ற பொது வரைமுறை. 29 பிட் எண், வழக்கமாக 250 கிலோபிட் வேகம். எஞ்சின் சுற்று வேகத்தை யாரும் கேட்க வேண்டியதே இல்லை, எஞ்சின் பெட்டி தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், 61444 என்ற செய்தித் தொகுப்பில், 4-ஆம் 5-ஆம் பைட்டில். இங்கே வரிசை தலைகீழ். 192, 18 என்று வந்தால் 18-ஐத்தான் 256-ஆல் பெருக்க வேண்டும், 192-ஐக் கூட்டி, எட்டால் வகுத்தால் 600. கார் பழக்கத்தில் முதல் பைட்டைப் பெருக்கினால் லாரி ஆறாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவதாக வரும், டீசல் எஞ்சின் சிதறிப் போயிருக்கும். மற்றபடி லிசன்-ஒன்லியிலேயே லாரியின் பாதி விஷயம் தெரிந்துவிடுவதால், மலிவு டப்பாவுக்குக் காரைவிட லாரியே பொருத்தம் என்பது என் எண்ணம்.

அந்த அண்ணனிடம் சங்ககிரியிலிருந்து ஒரு லாரி வந்திருந்தது. கரடு முரடான ரோட்டில் ஆர்பிஎம் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழும், அடுத்த நொடி எழுந்து நிற்கும், எஞ்சின் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே வேறொரு இடத்தில் மீட்டரையே மாற்றியிருந்தார்கள், பிரயோஜனமில்லை. ஜம்பரைக் கழட்டிய என் டப்பாவை லிசன்-ஒன்லியில், 250-இல், பேட்டரியில் ஓடும் லேப்டாப்போடு மாட்டினேன். ஐடிலில் சுத்தமாக ஓடியது. அண்ணன் உதவியாளரை விட்டு சேஸிஸ் ஓரமாக வயர் கட்டை ஒவ்வோர் அடியாக ஆட்டச் சொன்னார். கேபினுக்குப் பின்னால் ஒரு இடத்தில் கை பட்டதும் திரையில் பிழைச் செய்திகள் கொத்தாக வந்து விழுந்தன.

"அங்கயே நில்லு, அசைக்காதே."

பேட்டரியைக் கழட்டிவிட்டு மீட்டர் வைத்தார். 120. கொஞ்சம் அசைத்தால் 60, விட்டால் 120. அந்தக் கனெக்டரைப் பிரித்தார். ரப்பர் சீல் கிழிந்து, உள்ளே தண்ணீர் போய், கேன்-லோ பின் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. பின்னை மாற்றி, சீல் போட்டு, பெட்ரோலியம் ஜெல்லி தடவி மூடினார், மொத்தம் அரை மணி நேரம். டிரைவர் பைபாஸில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து முள் விழவில்லை என்றார். அண்ணன் என் டப்பாவைக் கையில் எடுத்து, ஜம்பர் இருந்த இரண்டு முள்ளையும் உற்றுப் பார்த்து, கட்டிங் பிளேயரால் அடியோடு நறுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் தட்டுவடை செட் வாங்கி வரப் பையனை அனுப்பினார்.